அம்மாவின் பட்டன் போனும் பெர்லின் கட்டடமும்

போன தீபாவளியன்று கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் 14 பேர் இருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டலின் கிறக்கத்தில் பெரியவர்கள் சுவரோரம் சாய்ந்துவிட்டார்கள். பொலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் தன் லேப்டாப்பை டிவியோடு இணைத்தான். திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஒரு கியூஆர் குறியீடு வந்து நின்றது.

"எல்லாரும் ஹேன்போன எடுங்க. ஸ்கேன் பண்ணி பேர போடுங்க. ஆப் ஒன்னும் டவுன்லோட் பண்ண வேணாம்."

ஒரு நிமிடத்துக்குள் டிவியில் பெயர்கள் குவிந்தன. சித்தப்பா தன் பெயருக்குப் பதிலாக 'சிங்கம்' என்று போட்டுக்கொண்டார். கேள்வி பெரிய திரையில் வரும், பதிலை அவரவர் போனில் அழுத்த வேண்டும். அம்மாவும் தன் போனை எடுத்து நீட்டினார். ரப்பர் விசைகள் வைத்த சின்னப் போன். எண்கள் பாதி அழிந்துவிட்டன.

"எனக்கு எங்கடா வரும்?"

"பாட்டி, ஒங்க போன்ல வராது. அது பட்டன் போன்."

"பட்டன் இருந்தாத்தானேடா வெளையாட முடியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே தேநீர் கலக்கப் போனார். விளையாட்டு முக்கால் மணி நேரம் நடந்தது. அவர் அடுக்களையிலிருந்து திரும்பி வரவில்லை.

அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. சிங்கத்தை எப்படித் தோற்கடிப்பது என்பதிலேயே இருந்தேன். இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், அந்தக் கேள்வி திரும்பி வந்தது. அம்மா சொன்னதில் என்ன தப்பு? விளையாட்டுக் கருவி என்றாலே விசைதானே. விசை இருக்கும் போன் எப்படி விளையாட முடியாத போன் ஆனது? சும்மா தேடத் தொடங்கியதுதான். சில வாரங்கள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

*

கதை விளையாட்டில் தொடங்கவில்லை. 1963 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்னகி, கிரீன்ஸ்பர்க் என்ற இரண்டு சிற்றூர்களில், பெல் நிறுவனம் வட்டத்தைச் சுழற்றும் தொலைபேசிக்குப் பதிலாக விசைகள் வைத்த தொலைபேசியைக் கொடுத்தது. 'டச்-டோன்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு விசையும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பும். ஒன்று அந்த விசை இருக்கும் வரிசைக்கு உரியது, இன்னொன்று அது இருக்கும் நிரலுக்கு உரியது. எண் 5ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து கேட்கும். அதற்கு மேலே உள்ள 2க்கு 697உம் 1336உம். கீழே உள்ள 8க்கு 852உம் அதே 1336உம். மனிதக் குரலோ பின்னணி இசையோ தற்செயலாக இப்படி ஒரு சோடியை எழுப்பிவிடுவது கடினம். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்கள்.

சுழற்றும் போன் வேறு மாதிரி. அது கம்பியில் ஓடும் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும். 5 என்றால் ஐந்து வெட்டு. அருகிலுள்ள தொலைபேசி நிலையம் அந்த வெட்டுகளை எண்ணி இணைப்புக் கொடுக்கும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. இணைப்புக் கிடைத்த பிறகு நீங்கள் வட்டத்தைச் சுழற்றினால் மறுமுனைக்கு 'டக் டக்' என்ற சத்தம்தான். ஆனால் டச்-டோன் என்பது ஒலி. குரல் போகும் வழியெல்லாம் அதுவும் போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு விசையை அழுத்தினால் மறுமுனையில் இருக்கும் இயந்திரம் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளலாம். வேகமாக எண் சுழற்றுவதற்காகச் செய்த ஒன்று, உலகத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் 12 விசைகள் கொண்ட ஒரு கன்ட்ரோலரைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைத்துவிட்டது.

அதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டவர்கள் டேனிஷ்காரர்கள். 1990இல் டென்மார்க்கின் டிவி2 அலைவரிசையில் ஹியூகோ என்ற குட்டி டிரோல் வந்தான். டிரோல் என்றால் ஸ்கண்டிநேவியக் கதைகளில் வரும் காட்டுப் பூதம். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் சூனியக்காரி பிடித்துக்கொண்டு போய்விட்டாள், அவன் மீட்க வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். அவர் விசையை அழுத்த, டிவியில் ஹியூகோ குதிப்பான், குனிவான். நாடே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவர் விளையாட மற்றவர்கள் எல்லாம் பார்வையாளர்கள். இந்த நிகழ்ச்சி பிறகு 40க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. துருக்கியில் 90களில் வளர்ந்த யாரிடமாவது ஹியூகோ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஹியூகோவைக் குதிக்க வைக்கச் சுழற்றும் போனால் முடியாது. அந்தக் காலத்திலும் ஏதோ ஒரு வீட்டில், பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு எப்படி?" என்று கேட்ட ஒரு பாட்டி இருந்திருப்பார்.

*

வீட்டிலிருந்து ஒரு ஆள் விளையாடுவது ஒரு வகை. ஒரு கூட்டமே சேர்ந்து விளையாடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்குப் போனுக்கு முன்பே வேர் இருக்கிறது. 1967இல் மொன்றியல் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியக் கூடத்தில், ராதூஸ் சின்செரா என்ற இயக்குநர் 'கினோஆட்டோமாட்' என்ற படத்தைக் காட்டினார். ஒவ்வோர் இருக்கையிலும் சிவப்பு, பச்சை என்று இரண்டு பொத்தான்கள். படம் நடுவில் நிற்கும், ஒருவர் மேடைக்கு வந்து "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்பார். பெரும்பான்மை சொல்லும் வழியில் கதை போகும். ஆனால் உள்குத்து என்னவென்றால், எதை அழுத்தினாலும் கதை சுற்றி வளைத்து அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். கட்டடம் எப்படியும் தீப்பிடித்து எரியும். வாக்களிப்பது பற்றி ஒரு கம்யூனிச நாட்டுக் கலைஞர் அடித்த நகைச்சுவை அது.

பிறகு 1991இல் லாஸ் வேகஸில் நடந்த கணினி வரைகலை மாநாட்டில் லோரன் கார்பெண்டர், பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அரங்கத்தில் இருந்த ஏறக்குறைய 5,000 பேருக்கும் ஆளுக்கு ஒரு சின்ன மட்டை கொடுத்தார். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை, ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் ஒட்டியது. மேலே ஒரு கேமரா. திரையில் 'பாங்' விளையாட்டு வந்தது. பழைய டேபிள் டென்னிஸ் கணினி விளையாட்டு, இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியும் மட்டும்தான். அரங்கின் இடதுபாதி இடக்கோட்டுக்கு, வலதுபாதி வலக்கோட்டுக்கு. எத்தனை பேர் சிவப்பு காட்டுகிறார்கள், எத்தனை பேர் பச்சை என்பதைப் பொறுத்துக் கோடு ஏறும், இறங்கும். தலைவன் இல்லை, கட்டளை இல்லை. கொஞ்ச நேரத்தில் 5,000 பேரும் ஒரே கையைப் போல் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

அழகுதான். ஆனால் அந்த மட்டைகளைச் செய்து, 5,000 பேருக்கும் விநியோகித்து, முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். பாயசத்துக்கு வரச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு கிண்ணம் தேடுகிற கதை. விருந்தாளிகளே கிண்ணத்தோடு வந்தால்? கைப்பேசி செய்தது அதைத்தான்.

*

இந்த வரலாற்றில் எனக்கு ஆகப் பிடித்த இடத்துக்கு இப்போது வருகிறேன். கொஞ்சம் நின்று பேச அனுமதி வேண்டும்.

ஜெர்மனியில் 'கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1981இல் பெர்லினில் தொடங்கியது. கணினி அமைப்புகளைக் குடைந்து பார்த்து, அவற்றின் ஓட்டைகளை ஊருக்குச் சொல்கிறவர்கள். 2001இல் அவர்களுக்கு 20 வயது. அந்த ஜூலையில்தான் கிளப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான வாவ் ஹோலண்ட் இறந்துபோனார். செப்டம்பரில் பிறந்தநாளைக் கொண்டாட அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், பழைய கிழக்கு பெர்லினின் மையமான அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் நிற்கும் 'ஹவுஸ் டெஸ் லேரர்ஸ்'. தமிழில் சொன்னால் ஆசிரியர் இல்லம். ஹெர்மன் ஹென்செல்மன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1964இல் முடிந்தது. அதைச் சுற்றி ஓடும் மொசைக் ஓவியப் பட்டைக்காகவே பலர் பார்க்க வருவார்கள்.

அதன் மேல் எட்டு மாடிகளில், மாடிக்கு 18 சன்னல்கள். 8 பெருக்கல் 18, மொத்தம் 144. ஒவ்வொரு சன்னலுக்குப் பின்னாலும் ஒரு விளக்கை வைத்தார்கள். கண்ணாடி வழியாக உள்ளே தெரியாமல், வெளிச்சம் மட்டும் பரவும்படி வெள்ளையடித்தார்கள். எல்லா விளக்குகளையும் கணினியால் ஏற்றி அணைக்கலாம். கட்டடமே 144 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைத் திரை ஆனது. இன்றைக்கு உங்கள் போனில் இருக்கும் ஒரு சின்ன ஐகானில் இதைவிட எத்தனையோ மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. அதற்கு 'பிளிங்கன்லைட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இரவில் சதுக்கத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் தன் கைப்பேசியில் ஓர் எண்ணுக்கு அழைக்கலாம். அழைத்தால் கட்டடத்தின் மேல் பாங் தொடங்கும். விசையை அழுத்தினால், எட்டு மாடி உயரத்தில் உங்கள் கோடு ஏறி இறங்கும். ஆப் கிடையாது, இணையம் கிடையாது, பதிவு செய்ய வேண்டாம். விசையழுத்தை எடுத்துப் போனது 1963இல் அந்தச் சிற்றூர்களுக்கு வந்த அதே இரட்டை ஒலி. அம்மா வைத்திருப்பது மாதிரியான போன் போதும். போதும் என்ன, அன்றைக்கு எல்லாருடைய கையிலும் அதுதான் இருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜிஎஸ்எம் கைப்பேசியில் விசையை அழுத்தும்போது போன் அந்த ஒலியை நேராகக் காற்றில் அனுப்புவதில்லை. கைப்பேசி நம் குரலை நசுக்கிச் சுருக்கித்தான் அனுப்புகிறது, அந்தச் சுருக்கத்தில் இரட்டை ஒலி சிதைந்துவிடலாம். அதனால் "இவர் 5ஐ அழுத்தினார்" என்ற தகவலை மட்டும் போன் அனுப்பும், வலையமைப்பு மறுமுனைக்காக ஒலியைப் புதிதாக உண்டாக்கிக் கொடுக்கும். கொஞ்சம் தாமதம் ஆகும். அந்தத் தாமதத்தோடுதான் பெர்லின்காரர்கள் பந்தடித்தார்கள்.

விளையாட்டு மட்டுமில்லை. 144 புள்ளிகளில் காதல் கடிதம் தயாரித்து அனுப்பலாம், ஒரு குறியீட்டு எண் தருவார்கள். காதலியைச் சதுக்கத்துக்கு அழைத்துவந்து, போனை எடுத்து, அந்த எண்ணை அழுத்தினால் கட்டடத்தில் உங்கள் கடிதம் ஓடும். 2002 பிப்ரவரி வரை இது நடந்தது. அதே ஆண்டு பாரிஸில், தேசிய நூலகத்தின் கோபுரம் ஒன்றில் 520 சன்னல்களோடு இன்னும் பெரிதாகச் செய்தார்கள். அங்கே டெட்ரிஸும் ஆடலாம். 2008இல் டொரொன்டோ நகர மன்றத்தின் இரண்டு கோபுரங்களில் 960 சன்னல்கள். பெரிதாகிக்கொண்டே போனது. ஆனாலும் எனக்கு அந்த 144தான் மனசில் நிற்கிறது.

காரணம் சொல்கிறேன். ஹியூகோ டிவி வழியாக வீட்டுக்கு வந்தான். பிளிங்கன்லைட்ஸில் நீங்கள் எழுந்து திரையிடம் போக வேண்டும். வீட்டுத் தொலைபேசியைச் சதுக்கத்துக்குத் தூக்கிப் போக முடியாது, கைப்பேசியை முடியும். முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரே குளிரில், ஒரே கட்டடத்தை அண்ணாந்து பார்த்து ஆடுகிறார்கள். யார் எதிராளி என்று தெரியாமல் கூட்டத்தில் முகம் தேடுகிறார்கள். காசு கொடுத்து உருவாக்க முடியாத ஒரு நிலைமை அது. பத்து ஆண்டுகள் கழித்து ஸ்டாக்ஹோமில் ஒரு துரித உணவு நிறுவனம் பெரிய மின் விளம்பரப் பலகையில் இதே பாங்கை வைத்தது. வழிப்போக்கர்கள் போனால் ஆடி 30 விநாடி தாக்குப்பிடித்தால் இலவச உணவுக்குக் கூப்பன். யோசனை அதே யோசனைதான். முன்பு காதல் கடிதம் ஓடிய இடத்தில் இப்போது கூப்பன்.

*

நம் ஊரில் அந்த ஆண்டுகள் வேறு மாதிரி போயின. 2003இல் அகாடமி ஃபேன்டாசியா, 2004இல் மலேசியன் ஐடல், சிங்கப்பூரில் சிங்கப்பூர் ஐடல். வாக்கு எஸ்எம்எஸ் வழியாக. மலேசியன் ஐடலை நம்ம ஜாக்லின் விக்டர் வென்றபோது, கிள்ளானில் எங்கள் தாமானே விழித்திருந்தது. அங்கே சிங்கப்பூரில் தௌஃபிக் பத்திஷா வென்றார். போனை வைத்து டிவியில் நடப்பதை மாற்றுவதும் கன்ட்ரோலர்தானே என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "வாரத்துக்கு ஒரு தடவ அமுக்குற ஜாய்ஸ்டிக்கா?" என்று கேட்டார். ஆமாம், அதுதான். உலகத்திலேயே மெதுவான ஜாய்ஸ்டிக். ஆனால் அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் காசு. சாதாரண எஸ்எம்எஸைவிடக் கூடுதல் கட்டணம், அதில் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும் பங்கு.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு கைப்பேசி. அப்பாவுடையது, ப்ரீபெய்ட். அப்பா பட்டர்வொர்த் வரைக்கும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓர் இரவு அண்ணன், எந்தப் போட்டி என்பது இங்கே வேண்டாம், தனக்குப் பிடித்த பாடகருக்கு அந்தப் போனிலிருந்து மாறி மாறி வாக்குப் போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு வரை போனது, பிறகு போகவில்லை. மறுநாள் தாப்பா அருகே லோரியின் டயர் வெடித்து அப்பா போனை எடுத்தால் ஒரு சென்கூட இல்லை. வேறொரு லோரிக்காரரின் போனை வாங்கித்தான் வேலையிடத்துக்குப் பேசியிருக்கிறார். இரவு வீட்டுக்கு வந்து அண்ணனை அடிக்கவில்லை. "பாட்டு கேக்கணும்னா ரேடியோவுல கேளு. அது நம்மகிட்ட காசு கேக்காது" என்றார். ரீலோட் கார்டு வாங்கும்போதெல்லாம் அண்ணன் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பான். அப்பா இப்போது இல்லை.

எஸ்எம்எஸ் என்பது கடிதம். போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழைப்பு என்பது திறந்தே இருக்கும் கதவு. பெர்லினில் விளையாட முடிந்ததற்குக் காரணம் அந்தக் கதவு. அழைப்பு முடியும்வரை வழி திறந்தே இருந்தது, விசையை அழுத்திய மறுகணமே கட்டடத்துக்குத் தெரிந்தது.

*

2007இல் ஐபோன் வந்தது. போன் கணினி ஆனது, ஆனால் விசைகளை இழந்தது. வரலாற்றாசிரியர்கள் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள். விசையைப் பார்க்காமல் அழுத்தலாம். பழைய போன்களில் 5ஆம் விசையின் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், கட்டைவிரல் அதைத் தடவி வழி கண்டுபிடித்துக்கொள்ளும், கண் வேறெங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வழவழப்பான கண்ணாடியில் அது முடியாது. டிவியைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா? போனைக் கன்ட்ரோலராக்க நினைத்த ஒவ்வொருவரும் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள்.

இன்னொரு சுவரும் இருந்தது. இணையப் பக்கம் அடிப்படையில் எஸ்எம்எஸ் மாதிரி. உலாவி ஒன்றைக் கேட்கும், சேவையகம் பதில் தரும், உறவு முடிந்தது. விளையாட்டுக்கு அது உதவாது. 2011 டிசம்பரில் 'வெப்சாக்கெட்' என்ற நெறிமுறை தரப்படுத்தப்பட்டது. உலாவிக்கும் சேவையகத்துக்கும் நடுவே ஒரு வழியைத் திறந்து, திறந்தபடியே வைத்திருக்கும் முறை. பழைய தொலைபேசி அழைப்பு வேறு உடுப்பில் திரும்பி வந்தது என்றுதான் எனக்குப் பட்டது. 2013இல் கூகுள், கணினித் திரையில் ஓட்டப்பந்தயம் நடக்க, போனில் விரலைத் தேய்த்து ஓட வைக்கும் ஒரு விளையாட்டை உலாவியிலேயே செய்து காட்டியது. அடுத்த ஆண்டு ஒரு நடன விளையாட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினால் போதும் என்றது. ஏர்கன்சோல், சோனியின் பிளேலிங்க் என்று வரிசையாக வந்தன. 2023இல் பிஎம்டபிள்யூ காரின் திரையில்கூட ஏர்கன்சோல் வந்துவிட்டது. கார் நிற்கும்போது மட்டும்தான் ஆட விடும், பயப்பட வேண்டாம். இதையெல்லாம் நீட்ட விருப்பமில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் சிகாகோக்காரர்கள்.

1995இல் 'யூ டோன்ட் நோ ஜாக்' என்ற குறும்புத்தனமான புதிர் விளையாட்டைச் செய்த ஜெல்லிவிஷன் குழுவின் வழியில் வந்ததுதான் ஜாக்பாக்ஸ் கேம்ஸ். 2014இல் அவர்களின் முதல் 'பார்ட்டி பேக்' வந்தது. டிவியில் நான்கு எழுத்து வரும். உங்கள் போனின் உலாவியில் அந்த நான்கு எழுத்தைத் தட்டினால் உள்ளே வந்துவிடலாம். ஒருவர் மட்டும் காசு கொடுத்து வாங்கினால் போதும், மற்றவர்கள் விருந்தாளிகள். எங்கே பார்ப்பது என்ற சிக்கலை அவர்கள் வேகத்தைக் குறைத்துத் தீர்த்தார்கள். முதலில் டிவியைப் பார், பிறகு போனைப் பார், எழுது, மறுபடி டிவியைப் பார்.

அந்தக் கண்ணாடித் திரை அவர்களுக்கு இன்னொன்றும் கொடுத்தது: ரகசியம். 'ஃபிபேஜ்' விளையாட்டில் ஒரு விநோதமான உண்மையில் ஒரு சொல் விடுபட்டிருக்கும். ஒவ்வொருவரும் தன் போனில், யாருக்கும் தெரியாமல், நம்பும்படியான ஒரு பொய்யை எழுத வேண்டும். பிறகு எல்லாப் பொய்களும் உண்மையும் கலந்து டிவியில் வரும். உங்கள் பொய்யை யார் நம்புகிறார்களோ, அதற்குப் புள்ளி. மொன்றியலின் பொத்தானிலும் லாஸ் வேகஸின் மட்டையிலும் இந்த ரகசியம் இல்லை. கையில் பிடித்திருக்கும் சீட்டு மாதிரி போன் ஆகிவிட்டது. இறந்த வீட்டில் விடிய விடிய ரம்மி ஆடுகிற மாமாக்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சட்டென்று புரியும். எதிரே இருப்பவர் முகத்தையும் பார்க்க வேண்டும், கைச்சீட்டையும் மறைக்க வேண்டும்.

அதே காலத்தில் நார்வேயின் டிரொன்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃப் இங்கே வாங் என்ற பேராசிரியர் 2006 முதல் விரிவுரையையே புதிர் நிகழ்ச்சியாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆராய்ச்சி 2013இல் 'கஹூட்' ஆக வெளியே வந்தது. அதைப் பற்றி நான் சொல்வதைவிடத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரையாவது கேளுங்கள். அல்லது பிள்ளைகளைக் கேளுங்கள், அந்த இசையைப் பாடியே காட்டுவார்கள்.

இனிக் கியூஆர் குறியீடு. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது. கோ என்ற பலகை விளையாட்டின் கறுப்பு வெள்ளைக் காய்களைப் பார்த்து வந்த யோசனையாம். பல ஆண்டுகள் நம் ஊரில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. 2020இல் கோவிட் வந்தது. மைசெஜாத்ராவைத் திறந்து கடை வாசலில் ஸ்கேன் செய்தால்தான் உள்ளே போக முடியும் என்றானது. சந்தை, கோயில், கிளினிக் என்று எங்கும் அதே கட்டம். ஒரு நாடே ஓராண்டில் ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டது. தீபாவளியன்று சித்தப்பா ஒரு நொடியில் சிங்கம் ஆனது அந்தப் பயிற்சியால்தான்.

அம்மாவுக்கு அந்தப் பயிற்சி இல்லை. மளிகைக் கடை வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கும், பெயரும் எண்ணும் நேரமும் எழுத வேண்டும். முதலில் பலர் எழுதினார்கள். வரவரக் குறைந்து, ஒரு பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து மட்டும் நான்கைந்து தடவை இருந்ததைப் பார்த்திருக்கிறேன். "போன மாத்தும்மா" என்று அப்போதே சொன்னோம். "இது நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் சொல்வதும் சரிதான். 2021 இறுதியில் மலேசியாவில் 3ஜியை நிறுத்தியபோதும் 2ஜியை விட்டுவைத்தார்கள். சிங்கப்பூரில் இருந்திருந்தால் 2017லேயே அந்தப் போன் ஊமையாகியிருக்கும்.

இந்த வரலாற்றைத் தேடியபோது ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிளிங்கன்லைட்ஸ் போன்றவற்றைப் படமாகப் பார்க்கலாம், ஆட முடியாது. நான்கு எழுத்துச் சங்கேதத்துக்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் சேவையகம் இருக்கிறது. அதை அணைத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டும் அணைந்துவிடும். பழைய பல்லாங்குழியை எடுத்துத் தூசி தட்டி இன்றைக்கும் ஆடலாம். பத்து வருடத்துக்கு முந்தைய போன் விளையாட்டை ஆட, அதே ஆப் கடையும் அதே சேவையகமும் வேண்டும். ஆனால் அந்த 770உம் 1336உம் மட்டும் யாருடைய சேவையகத்திலும் இல்லை. இன்னும் இருக்கிறது. வங்கிக்கு அழைத்து "தமிழுக்கு..." இல்லை, தமிழ் எங்கே, மலாய்க்கு 1 என்று அழுத்துகிறோமே, அதேதான்.

*

பொங்கலுக்கு அக்கா மகன் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். அவன் பெர்லின் கட்டடத்தின் வீடியோவை மூன்று முறை பார்த்தான். "மாமா, இத நம்மளே பண்ணலாம்" என்றான்.

இரட்டை ஒலியைக் கண்டுபிடிக்க 1958இல் ஜெரால்ட் கோர்ட்ஸல் என்பவர் எழுதிய ஒரு கணக்கு முறை இருக்கிறது. முழு ஒலியையும் அலசாமல், நமக்கு வேண்டிய ஏழெட்டு அலைவரிசைகளை மட்டும் சோதிக்கும். அதை வைத்து அவன் இரண்டு இரவுகளில் ஒரு பாங் எழுதினான். 2 என்றால் மேலே, 8 என்றால் கீழே. அம்மாவின் போனிலிருந்து என் போனுக்கு அழைத்து, என் போனை ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப் மைக்கின் பக்கத்தில் வைத்தோம். வைத்த உடனே 'கீ' என்று ஓர் ஊளை, இரண்டு போனும் ஒரே ஹாலில் இருந்ததால். என் போனையும் லேப்டாப்பையும் படுக்கை அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, டிவிக் கேபிளைக் கதவிடுக்கு வழியாக இழுத்தோம். ஊளை நின்றது.

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2ஐ அழுத்தினார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டிவியில் வெள்ளைக் கோடு ஒரு படி ஏறியது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஏறியது. போனைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்க டிவியில்தான். எதிர்ப்பக்கம் லேப்டாப்போடு அறைக்குள் இருந்த பேரன். தாமதத்தைக் கணக்கில் எடுத்துப் பந்தின் வேகத்தைக் குறைத்திருந்தான், அப்படியும் முதல் ஆட்டத்தில் அம்மா மோசமாகத் தோற்றார். இரண்டாவதில் பந்து வருமுன்பே அழுத்த வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டார்.

நடுவில் சட்டென்று போனைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"டேய், இது கால் ஓடிக்கிட்டு இருக்கா?"

"ஆமா பாட்டி!" அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"அப்ப காசு போவுதா?"

"போவுது!"

"அப்பறம் என்னாடா பேச்சு, பந்தப் போடு சீக்கிரம்."